ரோட்டில் ரேடியோ அலைகள் படும் பாடு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் முதல் மாதத்தில் என்னிடம் கேட்கும் சந்தேகங்களில் பாதி வைஃபை பற்றியவைதான். "ரவுட்டர் ஹாலில் இருக்கிறது. பெட்ரூமில் லேப்டாப்பைத் திறந்தால் ஒரே ஒரு கோடுதான் காட்டுகிறது. கனெக்ஷன் சரியில்லையா?" என்பார்கள். நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "நடுவில் இரும்பு பீரோ இருக்கிறதா?" என்பது. பல வீடுகளில் இருக்கும். பீரோவை நகர்த்த முடியாது. ரவுட்டரை நகர்த்தினால் கோடுகள் கூடிவிடும்.

இப்போது அதே ரவுட்டரைக் காரின் கூரையில் வைத்து, மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுங்கள். பீரோவுக்குப் பதில் நடுவில் ஒரு லாரி. சுவருக்குப் பதில் தெருமுனைக் கட்டிடம். லேப்டாப் இருப்பது எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் இன்னொரு காரில். பெட்ரூமில் சிக்னல் போனால் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும், அவ்வளவுதான். ரோட்டில் போனால், "நான் பிரேக் போடுகிறேன்" என்று முன்னால் போகும் கார் சொன்னது பின்னால் வரும் காருக்குக் கேட்காது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. கார்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டால் இப்படிப்பட்ட விபத்துகளில் ஒரு பகுதியையாவது தடுக்கலாம் என்று உலகெங்கும் பொறியாளர்கள் இருபத்தைந்து ஆண்டுகளாக உழைத்து வருகிறார்கள். அவர்களுக்கு வாய்த்த எதிரிகளில் ஒன்று இந்த ரேடியோ அலையின் குணம். அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. உங்கள் கம்ப்யூட்டரில் கால்குலேட்டரைத் திறந்து கொள்ளுங்கள். 300 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அந்த அலையின் நீளம் மீட்டரில் கிடைக்கும். எஃப்எம் ரேடியோ 100 மெகாஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 3 மீட்டர், ஏறக்குறைய ஒரு சின்னக் காரின் நீளம். வீட்டு வைஃபை 2,400 மெகாஹெர்ட்ஸ் என்றால் பன்னிரண்டரை சென்டிமீட்டர். கார்கள் பேசிக்கொள்ள அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஒதுக்கியிருப்பது 5,900 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி. அலைநீளம் 5 சென்டிமீட்டர்தான், ஒரு தீப்பெட்டியின் நீளம். இந்த ஒரு எண் தெரிந்துவிட்டால், அந்த அலை எங்கே நுழையும், எங்கே முட்டிக்கொள்ளும் என்று பாதி ஜாதகத்தைச் சொல்லிவிடலாம்.

எப்படி என்கிறீர்களா? தெருமுனைக்கு அந்தப் பக்கம் பால்காரர் குரல் கொடுத்தால் வீட்டுக்குள் இருக்கும் நமக்குக் கேட்கிறது. ஆனால் ஆள் தெரியமாட்டார். குரலும் அலை, ஒளியும் அலை. குரலின் அலைநீளம் ஒரு மீட்டர் அளவில் இருப்பதால் அது முனையில் வளைந்து வருகிறது. ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அது வளைவது நம் கண்ணுக்குத் தெரியாத அளவு சொற்பம். ரேடியோ அலைகளிலும் இதே கதைதான். நீளமானது வளையும், குட்டையானது நேர்க்கோட்டில்தான் போவேன் என்று அடம்பிடிக்கும்.

காருக்குள் ஒரு பரிசோதனை

பணம் செலவில்லாத பரிசோதனை ஒன்று உண்டு. கார் ரேடியோவில் தூரத்து எஃப்எம் நிலையம் ஒன்றை வைத்துக்கொண்டு போங்கள். சிக்னலில் வண்டி நிற்கும்போது சில நேரம் பாட்டு திடீரென்று இரைச்சலாகிவிடும். வண்டியை முக்கால் மீட்டர் முன்னால் நகர்த்துங்கள். பாட்டு தெளிவாகிவிடும்! நான் பலமுறை இதைச் செய்து, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

நடந்தது இதுதான். நிலையத்திலிருந்து வரும் அலை நேராகவும் வருகிறது, எதிரே உள்ள கட்டிடத்தில் பட்டுத் திரும்பியும் வருகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒன்றின் மேடும் மற்றதன் மேடும் சேர்ந்தால் சத்தம் கூடும். ஒன்றின் மேட்டில் மற்றதன் பள்ளம் விழுந்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். 3 மீட்டர் அலைக்கு இந்த வாழ்வுக்கும் சாவுக்கும் நடுவே உள்ள தூரம் முக்கால் மீட்டர். 5 சென்டிமீட்டர் அலைக்கு? ஒன்றேகால் சென்டிமீட்டர்! ஓடும் காரில் சிக்னல் ஏறி இறங்கும் வேகத்தை நீங்களே கற்பனை செய்து பாருங்கள்.

பழைய மீடியம் வேவ் ரேடியோ வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்கலாம். பாலத்துக்கு அடியில் போனால் மீடியம் வேவ் மங்கிவிடும், எஃப்எம் தாக்குப்பிடிக்கும். மீடியம் வேவ் அலை 1,000 கிலோஹெர்ட்ஸில் 300 மீட்டர் நீளம். பாலத்தின் கீழே உள்ள சந்து அதற்குப் போதாது. 3 மீட்டர் எஃப்எம் அலை நுழைந்துவிடுகிறது. குட்டையாக இருப்பதிலும் லாபம் உண்டு என்பதற்காகச் சொன்னேன்.

கார்கள் என்ன பேசுகின்றன?

வானிலை பற்றியா பேசப் போகின்றன! நான் இருக்கும் இடம் இது, என் வேகம் இவ்வளவு, போகும் திசை இது, பிரேக் மிதித்திருக்கிறேனா இல்லையா. இவ்வளவுதான் செய்தி. பாதுகாப்புக் கையெழுத்தையும் சேர்த்தால் சுமார் 300 பைட் வரும். உங்கள் கம்ப்யூட்டரில் நோட்பேடில் இரண்டு வரி டைப் செய்து சேமித்தால் வரும் பைலின் அளவு. இதை ஒவ்வொரு காரும் ஒரு விநாடிக்குப் பத்து முறை சுற்றிலும் ஒலிபரப்பும். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் இரண்டு செய்திகளுக்கு நடுவே 2.2 மீட்டர் நகர்ந்திருக்கும். டவர் எதுவும் நடுவில் கிடையாது. காரிலிருந்து காருக்கு நேரடிப் பேச்சு.

இதற்கென்று 2010-ல் ஒரு தரம் வெளியானது. அது நம் வைஃபையின் சொந்தத் தம்பி. 802.11 என்று தொடங்கும் அதே குடும்பம். ஆனால் வீட்டு வைஃபையை அப்படியே தூக்கிக் காரில் வைக்க முடியாது. காரணம், ரோட்டின் எதிரொலி.

பொதுக்கூட்டத்தில் பேசுபவர்களைக் கவனித்திருப்பீர்கள். தெரு நெடுக ஒலிபெருக்கி கட்டியிருந்தால், தூரத்துக் குழாயிலிருந்து வரும் சத்தம் தாமதமாக வந்து அடுத்த வார்த்தையோடு மோதும். அனுபவசாலிகள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார்கள். எதிரொலி அடங்கியதும் அடுத்த வார்த்தை. வைஃபையும் இதையேதான் செய்கிறது. ஒவ்வொரு துண்டுத் தகவலுக்கும் முன்னால் 0.8 மைக்ரோ விநாடி இடைவெளி விடுகிறது. அந்த நேரத்தில் ரேடியோ அலை 240 மீட்டர் போகும். வீட்டுக்குள் எந்த எதிரொலியும் 240 மீட்டர் கூடுதலாகச் சுற்றி வரப்போவதில்லை. ரோட்டில் அப்படி இல்லை. எதிரே மேம்பாலம், தூரத்தில் அடுக்குமாடி, பக்கத்தில் இரும்புத் தடுப்பு என்று எங்கெங்கோ பட்டு வரும். ஆகவே சாலைக்கான தரத்தில் எல்லாவற்றையும் பாதி வேகத்துக்கு இறக்கிவிட்டார்கள். 20 மெகாஹெர்ட்ஸ் அகலச் சானல் 10 ஆகியது, இடைவெளி 1.6 மைக்ரோ விநாடி ஆகியது. 480 மீட்டர் சுற்றி வரும் எதிரொலி வரைக்கும் கவலையில்லை. பேச்சை மெதுவாக்கினால் தெளிவு கிடைக்கும் என்ற அந்த மேடைத் தந்திரம்தான்.

அடுத்தது வேகம். நம்மைக் கடந்து போகும் ரயிலின் ஹாரன் வரும்போது கீச்சென்றும் போகும்போது தடித்தும் கேட்பதைப் போல, எதிரெதிரே வரும் இரண்டு கார்களுக்கு நடுவிலும் அலையின் எண் மாறுகிறது. இரண்டும் தலா 100 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்கினால் மாற்றம் சுமார் 1,100 ஹெர்ட்ஸ். 590 கோடி ஹெர்ட்ஸில் இது தூசு. அப்படியானால் ஏன் பயப்பட வேண்டும்? முன்னால் இருந்து வரும் எதிரொலி கூடிய எண்ணோடும், பின்னால் இருந்து வருவது குறைந்த எண்ணோடும் வந்து கலப்பதால், கலவை மில்லி விநாடிக்குள் உருமாறிவிடுகிறது. 300 பைட் செய்தியை 6 மெகாபிட் வேகத்தில் அனுப்ப 0.4 மில்லி விநாடி ஆகும். செய்தியின் தலைப்பகுதியை வைத்துத்தான் ரிசீவர் "காற்று இப்போது இப்படி இருக்கிறது" என்று அளந்து கொள்கிறது. வால் வந்து சேர்வதற்குள் காற்று மாறிவிட்டால் அளந்ததெல்லாம் வீண். பெரிய பைலாக இருந்தால் இன்னும் மோசம். செய்தியைக் குட்டியாக வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

88 மீட்டர் மர்மம்

இந்தத் துறையைப் பற்றிப் படித்தபோது எனக்கு மிகவும் பிடித்துப்போன விஷயம் இது. தூரம் கூடினால் சிக்னல் குறையும். இரண்டு மடங்கு தூரத்துக்கு நான்கில் ஒரு பங்கு என்று பள்ளியில் படித்திருப்போம். ரோட்டில் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். காரணம் ரோடேதான். ஒரு காரின் கூரையிலிருந்து கிளம்பும் அலை அடுத்த காருக்கு நேராகவும் போகிறது, தார் ரோட்டில் பட்டு எகிறியும் போகிறது. மிகவும் சாய்ந்து படும்போது ரோடு கிட்டத்தட்ட கண்ணாடி மாதிரி வேலை செய்யும். அதோடு, பட்டுத் திரும்பும் அலையின் மேட்டைப் பள்ளமாகப் புரட்டியும் விடும்.

இரண்டு ஆன்டெனாக்களும் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். கார்களுக்கு நடுவே 88 மீட்டர் இருக்கும்போது, ரோட்டில் பட்டு வரும் பாதை நேர்ப்பாதையைவிட 5 சென்டிமீட்டர் நீளம், அதாவது சரியாக ஒரு அலை. ரோடு புரட்டியும் விட்டதால் இரண்டும் ஏறக்குறைய ரத்தாகிவிடும். தூரம் இரண்டு மடங்காகி 177 மீட்டர் ஆகும்போது வித்தியாசம் அரை அலையாகிறது. இப்போது இரண்டும் கைகோத்துக் கொள்ளும். அதாவது 88 மீட்டரில் கேட்காத குரல் 177 மீட்டரில் கணீரென்று கேட்கும்! அதற்கு அப்பால் போனால் சிக்னல் வேகமாகச் சரியும். இரண்டு மடங்கு தூரத்துக்குப் பதினாறில் ஒரு பங்கு.

எதிரெதிரே வரும் கார்கள் இந்தச் செத்த இடத்தை ஒரு நொடிக்குள் கடந்துவிடும். பத்துச் செய்தியில் ஒன்றிரண்டு போகும், பாதகமில்லை. ஆனால் நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் கார்கள் அதே 88 மீட்டர் இடைவெளியிலேயே நிமிடக் கணக்கில் போகலாம். அதனால்தான் ஒரே காரில் இரண்டு ஆன்டெனாக்களை வெவ்வேறு இடத்தில் பொருத்தி, எது நன்றாகக் கேட்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. உங்கள் ரவுட்டரில் இரண்டு மூன்று கொம்புகள் நீட்டிக் கொண்டிருப்பதற்கும் இது ஒரு காரணம்.

தெருமுனைச் சண்டை

இரண்டு கார்களுக்கு நடுவே லாரி நுழைந்தால் சிக்னல் பத்தில் ஒரு பங்காகவோ அதற்கும் கீழாகவோ இறங்கலாம். அதைக்கூடச் சமாளித்துவிடலாம், லாரிக்கு மேலேயும் பக்கத்திலும் கொஞ்சம் கசிந்து வரும். உண்மையான சோதனை, இரண்டு பக்கமும் கட்டிடம் எழும்பி நிற்கும் நாற்சந்தி. குறுக்குத் தெருவில் வரும் வண்டி ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாது. கேமராவுக்கும் ரேடாருக்கும் தெரியாது. ரேடியோ ஒன்றுதான் முன்கூட்டியே சொல்லக்கூடியது. அந்த இடத்தில்தான் 5 சென்டிமீட்டர் அலை வளைய மறுக்கிறது! எதிர்ப்பக்கச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தால் உண்டு. எதிரே காலி மனையாக இருந்தால் அதுவும் சந்தேகம்.

ஜப்பான்காரர்கள் இதற்கு வேறு வழி பார்த்தார்கள். அங்கே 2011-ல் அனலாக் டிவி ஒளிபரப்பு பெரும்பாலான பகுதிகளில் முடிவுக்கு வந்தது. காலியான இடத்திலிருந்து 760 மெகாஹெர்ட்ஸை ஒட்டி 9 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை வண்டிகளுக்கு எடுத்து வைத்தார்கள். 2012-ல் தரம் வந்தது. 2015-ல் டொயோட்டா தன் கிரவுன் காரில் இதைப் பொருத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 300-ஐ 760-ஆல் வகுத்தால் 39 சென்டிமீட்டர். ஒரே வகை ஆன்டெனாவும் ஒரே சக்தியும் இருந்தால், 5,900 மெகாஹெர்ட்ஸைவிட ஏறத்தாழ 60 மடங்கு சக்தி ரிசீவருக்குக் கிடைக்கும். முனையில் வளைவதும் சுலபம். நாற்சந்திக்கு இதுதான் பொருத்தம் என்பது என் கட்சி. குறை இல்லாமல் இல்லை. கிடைத்தது ஒரே ஒரு சானல். பெரிய சந்திப்பில் நூற்றுக்கணக்கான வண்டிகள் ஒரே வாசலில் முண்டியடிக்க வேண்டும். ஆன்டெனாவும் பெரிதாகும்.

அமெரிக்காவில் நடந்தது பங்காளித் தகராறு. 1999-ல் அங்குள்ள தகவல்தொடர்பு ஆணையம் 5,850 முதல் 5,925 வரை 75 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைச் சாலைப் பாதுகாப்புக்கென்று எழுதி வைத்தது. ஆண்டுகள் ஓடின. இடது பக்கம் திரும்பும்போதும் சந்திப்புகளிலும் நடக்கும் விபத்துகளில் 5,92,000 வரை தடுக்கலாம், ஆண்டுக்கு 1,083 உயிர்களைக் காப்பாற்றலாம் என்று அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறை 2014-ல் மதிப்பிட்டது. (அங்கே வண்டிகள் வலது பக்கம் ஓடும், இடது திருப்பம்தான் ஆபத்தானது.) புதிய கார்கள் எல்லாவற்றிலும் இதைக் கட்டாயமாக்க 2017-ல் விதியும் முன்மொழியப்பட்டது. அதே ஆண்டு காடிலாக் ஒரு மாடலில் பொருத்தியது. மற்றவர்கள் "நீ முதலில் போ" என்று காத்திருந்தார்கள். பேச ஆளில்லாமல் ஒருவர் மட்டும் போன் வாங்கி வைத்து என்ன பயன்?

இதற்குள் வீடுகளில் வைஃபை நெரிசல் பெருகிவிட்டது. "இருபது வருடமாகக் காலி மனையாகக் கிடக்கிறதே, எங்களுக்குக் கொடுங்கள்" என்று அந்தப் பக்கம் குரல் எழுந்தது. 2020 நவம்பரில் ஆணையம் பாகப்பிரிவினை செய்தது. கீழ்ப்பகுதி 45 மெகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு. மேலே 30 மட்டும் வண்டிகளுக்கு. அதிலும் வைஃபைத் தம்பி வேண்டாம், மொபைல் போன் தொழில்நுட்பத்திலிருந்து பிறந்த சி-வி2எக்ஸ் என்ற புதிய முறைதான் என்று முடிவானது. வழக்குப் போட்டுப் பார்த்தார்கள். 2022-ல் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கமே நின்றது. 2023-ல் கட்டாயமாக்கும் விதி கைவிடப்பட்டது. 2024 நவம்பரில் புதிய முறைக்கான இறுதி விதிகள் வந்தன. ஐரோப்பாவில் ஃபோக்ஸ்வேகன் 2019-ல் அறிமுகம் செய்த எட்டாம் தலைமுறை கோல்ஃப் காரிலோ அதே வைஃபைத் தம்பிதான் உட்கார்ந்திருந்தான். சீனா 2018-லேயே சி-வி2எக்ஸ் பக்கம் போய்விட்டது. ஒரு நாட்டுக் கார் மற்றொரு நாட்டுக் காரோடு பேச முடியாது என்பது பெரிய குறையில்லை. ஒரே ரோட்டில் இரண்டு பாஷை வந்துவிட்டால்தான் தொல்லை.

வீட்டு வைஃபை வைத்திருக்கும் நாமும் இந்த வழக்கில் ஒரு கட்சிதான் என்பதைக் கவனித்தீர்களா? நம் நாட்டில் 2018-ல் உரிமம் இல்லாமல் வைஃபைக்குத் திறந்துவிடப்பட்ட பகுதி 5,875 மெகாஹெர்ட்ஸ் வரை நீள்கிறது. சினிமா தடங்கலில்லாமல் ஓடுவதும் நாற்சந்தியில் வண்டி நிற்பதும் ஒரே காற்றைக் கேட்டு வரிசையில் நிற்கின்றன.

உங்கள் கண்ணாடியில் ஒட்டியிருப்பது

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை என்று நினைத்துவிட வேண்டாம். 2021 பிப்ரவரி 16 முதல் நம் சுங்கச்சாவடிகளில் கட்டாயமாக்கப்பட்ட பாஸ்டாக் ஸ்டிக்கரும் வண்டிகளுக்கான ரேடியோதான். அதற்கான 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை 2005-லேயே நம் அரசு இந்தவகைக் கருவிகளுக்குத் திறந்துவிட்டது. அலைநீளம் 35 சென்டிமீட்டர்.

ஸ்டிக்கருக்குள் பேட்டரி கிடையாது. மேலே தொங்கும் ரீடர் அனுப்பும் அலையிலேயே உயிர் பெற்று, அதே அலையைத் திருப்பி அனுப்பித் தன் எண்ணைச் சொல்கிறது. போகவும் வரவும் இரண்டு முறை இழப்பு. தூரம் இரண்டு மடங்கானால் ரீடருக்குத் திரும்பி வருவது பதினாறில் ஒரு பங்கு. ஆகவே கொஞ்சம் தடை வந்தாலும் ஊமையாகிவிடும். கண்ணாடியின் உள்பக்கம், மேலே நடுவில், ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டச் சொல்வது இதற்காகத்தான். கையில் பிடித்துக் காட்டினால் சிரமம். நம் உடம்பில் இருக்கும் தண்ணீர் அலையை விழுங்கிவிடும். ஸ்டிக்கருக்கு ஒட்டினாற்போல் இரும்புச் சட்டமோ, உலோகம் கலந்த வெயில் பிலிமோ இருந்தாலும் இதே பிரச்சினை. சில கார்களில் வெப்பத்தைத் தடுக்கக் கண்ணாடிக்குள்ளேயே மெல்லிய உலோகப் பூச்சு இருக்கும். அப்படிப்பட்ட வண்டிகளில் பூச்சில்லாத ஒரு சின்னச் சதுரத்தை நிறுவனமே விட்டு வைத்திருக்கலாம். வண்டியோடு வந்த கையேட்டில் அது எங்கே என்று பார்த்து, ஸ்டிக்கரை அங்கே ஒட்டுங்கள்.